எங்கள் ஊர்க் கிணற்று உப்பு: எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா?

ஆரணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். அப்ளைடு ஜியாலஜி எம்.எஸ்சி இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு போகிற வழியில். கடல் நேர்கோட்டில் 8 கிலோமீட்டர் இருக்கும்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். தாத்தா வெட்டிய திறந்த கிணறு ஒன்று, அப்பா போட்ட ஃபில்டர் பாயிண்ட் (மணலில் இறக்கிய ஆழமில்லாத குழாய்க் கிணறு) ஒன்று. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம், இப்போது மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. சொர்ணவாரி (கோடைப் பட்ட நெல்) நடுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது, மழையை நம்பி சம்பா மட்டும்தான். "மோட்டார் போட்டு அரை மணி நேரம் தண்ணி நல்லாத்தான் வரும், அதுக்கப்புறம்தான் உப்பு ஏறும்"னு அப்பா அடிக்கடி சொல்வார்.

இதையே ப்ராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. கைடிடம் சொன்னேன். "மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அம்பது வருஷமா பாத்துட்டாங்கம்மா, நீ புதுசா என்ன சொல்லப்போற" என்றார். கோபமாக இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதற்குப் பதிலாக நாற்பது சாம்பிள் எடுத்து, தண்ணீரின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் வாட்டர் குவாலிட்டி இண்டெக்ஸ் போட்டு மேப் வரைந்தால் ஏப்ரலுக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். கையில் எட்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. துறையில் ஒரு இசி மீட்டர் (தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து உப்பைக் காட்டுவது), சோடியம் அளக்கிற ஃபிளேம் ஃபோட்டோமீட்டர், டைட்ரேஷன் சாமான்கள் உண்டு. அயனிகளைப் பிரித்து அளக்கிற அயான் குரோமட்டோகிராஃப் கிடையாது.

இவ்வளவு பேர் ஆராய்ந்த இடத்தில் ஒரு எம்.எஸ்சி மாணவி செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது? இப்போது ஆகஸ்ட், மழைக்கு முன்னால் சாம்பிள் எடுக்க வேண்டுமென்றால் அதிக நாள் இல்லை.

ஊற்றுக்கண்

உன் கைடு சொன்னது உண்மைதான் தங்கச்சி. 1960களின் கடைசியிலேயே மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது பதிவாகிவிட்டது. மணலி தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்குமாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணற்று வயல்கள் போட்டு உறிஞ்சினார்கள். பின்னாளில் கடற்கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் உப்பு உள்ளே வந்துவிட்டதாக ஆய்வுகள் காட்டின. அண்ணா பல்கலைக்கழக நிலவியல் துறை அந்தப் படுகையில் பல வருடங்களாக வேலை செய்கிறது. "இங்கே கடல்நீர் ஏறியிருக்கிறது" என்று திரும்ப ஒரு தடவை எழுத நீ தேவையில்லை.

ஆனால் உன் ப்ராஜெக்ட் நீ எழுதிய கேள்வியிலேயே இருக்கிறது, நீ அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாய். உன் அப்பா சொன்ன அந்த அரை மணி நேரம்தான் அது.

கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீருடையது சுமார் 1.025, அந்தச் சின்ன வித்தியாசத்தால் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். கிபென்-ஹெர்ஸ்பெர்க் என்று பாடத்தில் படித்திருப்பாய். இதைத் திருப்பிப் போட்டுப் பார்: மோட்டார் ஓடி மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் இருக்கிற உப்பு மேலே எழும்பப் பார்க்கும். ஒரு மணி நேரத்தில் 40 மீட்டர் எழும்பிவிடாது, அந்தக் கணக்கு எல்லாம் ஓய்ந்து நிலைக்கு வந்த பிறகு பொருந்துவது. நடுவில் களிமண் இருந்தால் கதையே வேறு. இருந்தாலும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழுவது உண்மை, அப்கோனிங் என்பது அதைத்தான். அதை உன் அப்பா வருடக்கணக்காக நாக்கால் அளந்துகொண்டிருக்கிறார்.

நீ மீட்டரால் அள. கடலிலிருந்து உள்நோக்கி ஒரே கோட்டில் எட்டு, பத்து கிணறு தேர்ந்தெடு. ஒவ்வொன்றிலும் மோட்டார் போட்ட நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இசி எடு, ஒன்றரை மணி நேரம். கூடவே நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் விட்டுப் பார். மழைக்கு முன் ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. எந்தக் கிணற்றில் எத்தனை நிமிடத்தில் உப்பு ஏறுகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒரு வரைபடம் வந்தால், ஒரு விவசாயி தன் மோட்டாரை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் ஓட்டுவதா, அரை அரை மணியாகப் பிரித்து ஓட்டுவதா என்று முடிவெடுக்க அது உதவும். நாற்பது புள்ளி வைத்த இண்டெக்ஸ் மேப்பைப் பார்த்து எந்த விவசாயியும் எந்த முடிவும் எடுக்க முடியாது. இப்படி மனசு விட்டுச் சொல்வதற்கு மன்னிக்கவும், நானும் அந்த மாதிரி மேப் போட்டவள்தான், அதனால்தான் சொல்கிறேன்.

மீட்டர் விஷயம் முக்கியம். மலிவான பேனா மீட்டர்களில் சில நாலாயிரம் மைக்ரோசீமென்ஸுக்குள் (இசியின் அலகு) நின்றுவிடும், உங்கள் ஊரில் அது போதாது. காலையில் கிளம்பும்போது இசி தெரிந்த 1413 கரைசலில் சரிபார், கூடவே 12,880 கரைசலும் வைத்துக்கொள், உப்புக் கிணற்றில் அதுதான் கைகொடுக்கும். 25 டிகிரிக்குத் திருத்திக் காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்.

லேபுக்குக் கொண்டுபோகிற சாம்பிளைப் பொறுத்தவரை, திறந்த கிணற்றில் வாளி விட்டு மேல்தண்ணீரை எடுக்காதே. மேலே நிற்பது நேற்றைய மழையாக இருக்கும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றுக்குமிழ் இல்லாமல் வாய்வரை நிரப்பு. ஒரு இடத்துக்கு இரண்டு பாட்டில்: வடிகட்டி நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டது ஒன்று, கால்சியம், சோடியம் வகையறாவுக்கு. எதுவும் விடாதது இன்னொன்று, குளோரைடு, சல்பேட்டுக்கு. பைகார்பனேட்டை மட்டும் அன்றைக்கே, முடிந்தால் கிணற்றடியிலேயே டைட்ரேட் செய்துவிடு. நான் பிஎச்டி முதல் வருடம் முப்பத்திரண்டு சாம்பிளை ஒரு லேபில் கொடுத்தேன், மூன்று வாரம் வெளியிலேயே கிடந்திருக்கிறது. ரிசல்ட் வந்து நேர்மின், எதிர்மின் அயனிகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் 15 சதவீதத்துக்கும் அதிகமான பிழை. இரண்டும் சமமாக வர வேண்டும், பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது. ஒரு பருவமே போச்சு. மறுபடி அந்தப் பருவம் வர ஒரு வருடம் காத்திருந்தேன்.

பழைய போர்லாக்

அம்மாடி, நான் நிலத்தடி நீர்த் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே சொன்ன யோசனை நல்ல யோசனை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பக்கம் ஆற்று வண்டலில் இரண்டு நீர்த்தாங்கி, அதாவது நீர் நிற்கிற மண் அடுக்கு. மேலே ஒன்று திறந்தது, நடுவில் களிமண், அதற்குக் கீழே இன்னொன்று. எல்லா இடத்திலும் களிமண் ஒரே தடிமனில் இருக்காது, சில இடத்தில் அறவே இருக்காது. உங்கள் தாத்தா கிணறு மேலே உள்ளதைத் தொடும், ஃபில்டர் பாயிண்டும் அநேகமாக அதுதான். பக்கத்து வயலில் ஆழமான போர் இருந்தால் அது கீழே உள்ளதில் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் படம் வரைந்தால் அந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு கிணறும் எந்த மண்ணிலிருந்து நீர் எடுக்கிறது என்று முதலில் எழுதிக்கொள். உரிமையாளருக்கு அடி தெரியும், மண் தெரியாது. போர் போட்டவரைத் தேடிப் பிடி. "எத்தனாவது அடியில மணல் வந்துச்சு, எங்க களி வந்துச்சு, களி என்ன நிறம்" என்று கேள். கறுப்புக் களியில் சிப்பி வந்தது என்று சொன்னால் அதைக் கோடிட்டு வை. கடல் ஒரு காலத்தில் இன்னும் உள்ளே இருந்தது, அந்தக் காலத்து உப்பு களியில் சிக்கிக்கொண்டு இன்னும் கசியலாம். அது இன்றைய கடலின் வேலை இல்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் வருடத்துக்கு நான்கு முறை மட்டம் பார்க்கிறது. இந்தியா-விரிஸ் என்கிற நீர்வளத் தரவுத் தளத்தில் எடுக்கலாம். தரமணியில் உள்ள மாநில நீர்வளத் தரவு மையத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோ. நேரில் போ. மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதே.

அப்புறம் உயரம். செயற்கைக்கோள் உயர வரைபடத்தை நம்பி நீர்மட்டத்தைக் கடல் மட்டத்துக்கு மாற்றாதே. உங்கள் நிலம் அவ்வளவு தட்டை, ஒரு மீட்டர் பிழை வந்தாலே தண்ணீர் கடலை நோக்கிப் போகிறதா கடலிலிருந்து வருகிறதா என்பதே தலைகீழாகிவிடும், அந்த வரைபடத்தில் அதைவிடப் பெரிய பிழை சாதாரணம். சிவில் துறையில் உயர வித்தியாசம் அளக்கிற ஆட்டோ லெவல் இருக்கும், கேட்டு வாங்கி இரண்டு நண்பர்களோடு மூன்று நாள் நட.

ஆரணிக்கரை

அக்கா, சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், "நான் சும்மா சொன்னதுல இவ்வளவு இருக்கா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

ஃபில்டர் பாயிண்ட் 42 அடி. பக்கத்து வயல் போர் 130 அடி, அது முழு உப்பு. இன்னொரு சந்தேகம். எங்களுக்குக் கிழக்கே இறால் குட்டைகள் இருக்கின்றன. ஊரில் பாதிப் பேர் உப்புக்குக் காரணம் அதுதான் என்கிறார்கள், மீதிப் பேர் கடல் என்கிறார்கள். நான் எந்தப் பக்கம் எழுதினாலும் யாராவது வருத்தப்படுவார்கள். என்னிடம் இருக்கிற சாமான்களை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

வெள்ளி நைட்ரேட்

ஓரளவு முடியும், முழுசாக முடியாது. எது எதுவரை என்று சொல்கிறேன்.

முதலில் அளவை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. உங்கள் நல்ல தண்ணீரில் 50 இருந்தது என்று வைத்துக்கொண்டால், நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு கிட்டத்தட்ட ஆயிரத்தைத் தொட்டுவிடும். வேறு வழியே இல்லை என்றால் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 வைத்திருக்கும் கடைசி வரம்பே 1000தான், ஏற்கத்தக்க அளவு 250. அதாவது கிணறு கெட்டுப்போக கடல் முழுசாக வந்து சேர வேண்டியதில்லை. ஊரில் "கடல் எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கே, எப்படி வரும்" என்று கேட்பவர்களுக்கு இந்த ஐந்து குடக் கணக்கைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இப்போது விகிதம். கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோல் விகிதம் (எடையில் இல்லை, அயனி எண்ணிக்கையில்) 0.86. கடல்நீர் புதிதாக நல்ல மண்ணுக்குள் ஏறும்போது களித்துகள்கள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விடும், அதனால் விகிதம் 0.86க்குக் கீழே இறங்கும், கால்சியம் தூக்கலாக இருக்கும். பழைய உப்பை மழைநீர் கழுவித் தள்ளுகிற இடத்தில் இதற்கு நேர் எதிராக நடக்கும்: களி கால்சியத்தைப் பிடித்து சோடியத்தை விடும், சோடியம் பைகார்பனேட் தண்ணீராக மாறும். அதனால் உப்பு இப்போது முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பதை உங்கள் ஃபிளேம் ஃபோட்டோமீட்டரும், கால்சியம் அளக்கிற இடிடிஏ டைட்ரேஷனும் வைத்தே சொல்லிவிடலாம். ப்ராஜெக்ட்டின் கெட்டியான பகுதி இதுதான் என்பேன்.

இறால் குட்டை மட்டும் சிக்கல். அதில் நிரப்புவதும் கழிமுகத்துத் தண்ணீர்தானே, ஏறக்குறைய கடலின் அதே விகிதம்தான் காட்டும். குளோரைடு-புரோமைடு விகிதம் (கடலில் எடையளவில் சுமார் 290) சாக்கடையையும் கடலையும் பிரிக்க நல்ல கருவி, கடலையும் குட்டையையும் பிரிக்க அவ்வளவாக உதவாது. அதற்கு வேதியியலைவிட இடம்தான் சாட்சி. குட்டையிலிருந்து வந்தால் உப்பு மேலிருந்து இறங்கும், குட்டைக்குப் பக்கத்துக் கிணறுகளில் ஆழமில்லாதது அதிக உப்பாகவும் ஆழமானது குறைவாகவும் இருக்கும். கீழிருந்து வந்தால் எதிர்மாறு. உங்கள் 42 அடி அரை மணி நேரம் நல்ல தண்ணீர் தருகிறது, 130 அடி முழு உப்பு. அது எதைச் சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும், ஆனாலும் குட்டையை ஒட்டி இரண்டு ஜோடிக் கிணறு பார்க்காமல் எழுதிவிடாதீர்கள்.

குளோரைடு டைட்ரேஷனில் ஒரு சின்ன விஷயம். உப்புச் சாம்பிளை நீர்க்காமல் போட்டால் பியூரெட் காலியாகும், வெள்ளி நைட்ரேட் விலைக்கு அது கட்டுப்படியாகாது. இசி பார்த்து முன்கூட்டியே பத்து மடங்கோ இருபது மடங்கோ நீர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தில் செங்கல் சாயல் முதலில் தட்டி நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள், நன்றாகச் சிவக்கும்வரை போகாதீர்கள். கையுறை போடாவிட்டால் விரல் ஒரு வாரம் கறுப்பாக இருக்கும்.

வேலைதேடி

வேறு மாதிரி ஒரு கருத்து சொல்கிறேன், தவறாக எடுக்காதீர்கள். வேலைக்குப் போகும்போது கேட்பது ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் போடுவது), ரிமோட் சென்சிங், கொஞ்சம் பைத்தான். கிணற்றடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்ததை ரெஸ்யூமேயில் எப்படி எழுதுவது? கைடு சொன்ன மேப் ப்ராஜெக்ட் பாதுகாப்பானது. நான் களப்பணி ஆசையில் போய் ஆறு மாதம் கூடுதலாக இழுத்தது, வீட்டில் பணக் கஷ்டம் வேறு. அதையும் யோசிக்க வேண்டும்.

ஊற்றுக்கண்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பணக் கஷ்டத்தோடு படிப்பவர்களிடம் "ஆசைப்பட்டதைச் செய்" என்று சும்மா சொல்லிவிட முடியாது. அதனால்தான் பத்து கிணற்றுக்கு மேல் போகாதே என்றேன். இரண்டு பருவத்துக்கும் சேர்த்து பன்னிரண்டு நாள் களவேலை, பஸ்ஸும் சைக்கிளும் போதும். அந்தப் பத்து கிணற்றின் தரவை க்யூஜிஐஎஸ்ஸில் போடலாம், வரைபடங்களைப் பைத்தானில் வரையலாம், எல்லாம் ரெஸ்யூமேக்கு வரும். ஆனால் வைவாவில் "இந்த எண் எப்படி வந்தது" என்று ஒருவர் கேட்டால், தானே நின்று அளந்த பிள்ளை சொல்கிற பதில் வேறு மாதிரி இருக்கும். நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச்சி, இன்னொன்று. அளந்த எண்ணை அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கிணற்றுக்காரரிடம் கொடு. ஆய்வேட்டில் அவர் பெயரும் சர்வே நம்பரும் வேண்டாம், கிணறு 1, கிணறு 2 என்று போட்டால் போதும். உப்பு என்று அச்சில் வந்தால் நிலத்தின் விலை இறங்குமோ என்று பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது.

ஆரணிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கைடு ஒத்துக்கொண்டார்! அப்பா சொன்னதையும் அக்கா சொன்ன வரைபட யோசனையையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "இதுல கேள்வி இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை முதலில் எங்கள் ஃபில்டர் பாயிண்டில் ஆரம்பித்தேன். காலை ஆறரைக்கு மோட்டார். முதல் இசி அளவு 1,640 மைக்ரோசீமென்ஸ். இருபது நிமிடம் வரை பெரிசாக மாற்றமில்லை, 1,700ஐ ஒட்டியே நின்றது. அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் நான் மீட்டரை விடும்போது அவர் ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்தாவது நிமிடம் "இப்ப ஏறுது பாரு" என்றார். மீட்டரில் 2,480. ஒரு மணி நேரத்தில் 4,100. நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி போட்டதும் 2,050தான், காலை அளவுக்குத் திரும்பவில்லை.

எதிர்பாராதது ஒன்று. எங்களுக்கு மேற்கே இரண்டு வயல் தள்ளி ஒரு ஃபில்டர் பாயிண்ட், ஏறக்குறைய அதே ஆழம், அதே குதிரைத்திறன் மோட்டார். ஒன்றரை மணி நேரம் ஓட்டியும் 900ஐத் தாண்டவில்லை. அந்த வயல்காரப் பெரியவரிடம் தாளில் எழுதிக் கொடுத்தபோது, "இங்க ஒரு காலத்துல ஓடை போச்சும்மா, தோண்டினா வெறும் மணல்தான்" என்றார். போர்லாக் சார், அது பழைய ஆற்றுத்தடமாக இருக்குமா? அதைக் காட்ட என்ன செய்யலாம்?

பழைய போர்லாக்

இருக்கலாம். பழைய நில அளவை வரைபடத் தாளையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார், மழைக்குப் பிறகு எடுத்த படம் என்றால் ஈரத்தில் தடம் தெரியும். துறையில் மண்ணின் மின்தடையை அளக்கிற ரெசிஸ்டிவிட்டி மீட்டர் இருந்தால் அந்த வயலுக்குக் குறுக்கே ஒரு கோடு எடு. ஆனால் ஒன்றை மறக்காதே, உப்புத் தண்ணீர் நிரம்பிய மணலும் களிமண்ணும் அந்த மீட்டரில் ஒரே மாதிரி குறைந்த எண்தான் காட்டும். அதனால் கை ஆகரில் (கையால் சுழற்றித் துளைக்கும் கருவி) நாலு இடத்தில் பதினைந்து அடி துளைத்து மண்ணைக் கண்ணால் பார்த்துவிடு. பெரியவரையும் கூட வைத்துக்கொள், ஓடை எங்கே திரும்பியது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சுற்றை நவரைப் பட்ட நெல்லுக்கு எல்லோரும் மோட்டார் போட ஆரம்பிப்பதற்கு முன் முடித்துவிடு. பொங்கல் கழித்துப் போகலாம் என்று இருந்துவிடாதே, அதற்குள் பாதி ஊரில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருக்கும்.